நான்குக்குப் பிறகு ஒரு டிங்

2

இந்தக் கதை ஒரு விரலிலிருந்து வந்தது. என் வலது ஆட்காட்டி விரல். அதைக்கொண்டு கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை, ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும் என்று என் நாத்தனார் கேட்டாள். என்னால் முடியவில்லை. முடியாத காரியங்களைப் பற்றிக் கதை எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

(மேலே 2 என்றிருப்பது அச்சுப்பிழை இல்லை. 1 வரும். கொஞ்சம் பொறுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தப் பல் டாக்டரின் கால்கள் பகலில் ஒரு வேலையும் மாலையில் வேறொரு வேலையும் செய்தன." படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் இரண்டும் ஒரே வேலை. பகலில் கிளினிக்கில் துளையிடும் கருவியின் பெடலை மிதிக்கிறாள், மாலையில் டிரம்ஸின் பெடலை மிதிக்கிறாள். இரண்டு இடத்திலும் எதிரே இருப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். [இந்த நகைச்சுவை அவளுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.]

அடுத்த தொடக்கம்: "மெட்டல் இசையை வெறும் இரைச்சல் என்று நினைக்கிற அரைகுறைகள்". இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த அரைகுறை நான் என்பது பாதியில் உறைத்துவிட்டது.

ஆகவே நேராகவே சொல்கிறேன். என் நாத்தனாரும், அவள் கிளினிக் இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்கும் சேர்ந்து, பழைய வீடியோ கேம்களின் இசையை மெட்டலாக்கி வாசிக்கிறார்கள். அவள் டிரம்ஸ், அவர் கித்தார். கீபோர்டு வாசித்த பெண் வேலை மாற்றலாகிப் போய்விட்டாள். அவள் வாசித்ததையெல்லாம் கித்தாரில் எப்படியோ இழுத்துப் போர்த்திவிட்டார்கள். ஒரே ஒரு ஒலிதான் கித்தாருக்குள் அடங்கவில்லை. அதுதான் "டிங்".

சனிக்கிழமை மாலை, அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில், அங்கே அலுவலகம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். அங்குதான் வாசிப்பு. பாட்டின் நடுவே எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் என் டிங் மட்டும் விழ வேண்டும். தப்பினால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

3

"நான் எதுக்கும்மா? உங்க அண்ணனக் கேளேன். அவர்தானே சின்ன வயசுல உன்கூட அந்த கேம் விளையாடினவர்?"

"அண்ணனா? அது முந்திரிக்கொட்டை. டிங் வரப்போகுதுன்னு தெரிஞ்சாலே முன்னாடியே அழுத்திடும். நீங்கதான் அண்ணி நிதானம்."

பாராட்டுக்கு மயங்குவது எழுதுகிறவர்களின் குலநோய். சரி என்றுவிட்டேன்.

அந்த விளையாட்டைப் பற்றி: ஒரு நத்தை கோபுரம் ஏறுகிறது. ஒவ்வொரு மாடியிலும் பூட்டிய கதவு. எங்கோ ஒளிந்திருக்கும் சாவியைக் கண்டுபிடித்தால் "டிங்". அவ்வளவுதான். அந்த நத்தை ஏற ஏற ஒலிக்கும் மெட்டு, பள்ளிக்குப் போகும் நல்ல பிள்ளைபோல் வரிசை கலையாமல் நடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்றில் டிங்.

மெட்டலாக்கும்போது இவர்கள் ஸ்வரத்தில் கை வைக்கவில்லை. இடத்தைத்தான் மாற்றினார்கள். ஒன்றில் விழ வேண்டிய அடி, ஒன்றுக்கு அரை அடி முன்னாலேயே விழுகிறது. டிங்கும் அப்படித்தான். இதற்கு சிங்கோபேஷன் என்று பெயர்.* ஐந்து மணிக்கு வருகிறேன் என்ற சம்பந்தி, நாலரைக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. வீட்டில் ஐந்து மணி என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அந்தப் பதற்றம். நேரமே குறிக்காத வீட்டுக்கு யாரும் முன்கூட்டி வந்துவிட முடியாது.

* இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒன்று செய்யப் பார்த்தேன். "இடந்தள்ளு தாளம்" என்று வந்தது. கைவண்டிக்காரரை விளிப்பதுபோல் இருந்ததால் கைவிட்டேன்.

4

ஒத்திகை, மூடிய பிறகு கிளினிக்கின் பின்னறையில். சுவரில் பற்களின் குறுக்குவெட்டுப் படம். மடக்கி வைத்த நாற்காலிகள்.

[இந்த லிஃப்ட் மெக்கானிக்கை நம்புகிறீர்களா? முதல் வரைவில் அவரைக் கணக்காளராக்கி இருந்தேன். ஆனால் விரலிடுக்கில் கிரீஸ் கறையோடு கித்தார் எடுக்கும் கணக்காளரை என்னாலேயே நம்ப முடியவில்லை. இருந்தபடியே விட்டுவிட்டேன்.]

கித்தார் தனியாகத் தொடங்கியது. முதல் அடியிலிருந்து எண்ணினேன். டிரம்ஸ் சேர்ந்தது. கால் இடறியதுபோல் இருந்தது. பிடிவாதமாக எண்ணினேன். எல்லாம் நின்றது. நான்குக்குப் பிறகு, அடுத்த ஒன்றுக்கு முன்னால், சரியாக நடுவில் அழுத்தினேன்.

"அக்கா, கொஞ்சம் முந்திட்டீங்க," என்றார் மெக்கானிக்.

மறுபடியும். மறுபடியும் முந்தல். முந்திரிக்கொட்டையின் மனைவிக்கு வேறெப்படி வரும் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, இன்னொரு முறை. அதே கதை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. கதை போக, பிழைதிருத்தியும் வயிறு வளர்ப்பவள் நான். பிழை எங்கே என்று எனக்குத் தெரியாதா?

"நான் சரியாத்தான் எண்ணுறேன். நீதான் லேட்டா உள்ள வர்ற. கித்தார் ஆரம்பிச்ச இடம் ஒண்ணு, நீ வர்ற இடம் ஒண்ணு. தாளம் தப்பறது நீ."

நாத்தனார் குச்சிகளை மடியில் வைத்தாள். பிறகு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதியாக வேண்டும். அவள் சிரிப்பு எப்போதும் ஒரு நொடி தள்ளித்தான் வரும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். வீட்டில் நான் தொலைத்த மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து நிமிர்வேன். ஒரு சின்ன அமைதி. பிறகு கூடத்திலிருந்து தங்கை "டிங்" என்பாள். அண்ணனும் தங்கையும் சிரிப்பார்கள். என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். என்ன அது என்று கேட்டதில்லை. கேட்டால் குறைந்துபோய்விடுவேன் என்று ஒரு வீறாப்பு. நத்தையைப் பற்றியே இந்தப் பாட்டால்தான் எனக்குத் தெரியும்.

"டாக்டர், அந்த டிங்க போன்ல பதிவு பண்ணி வெச்சுக்கலாமே. அக்காவுக்கு எதுக்குக் கஷ்டம்," என்றார் மெக்கானிக். நல்ல மனிதர். அந்த நொடியில் அவரை மறுபடியும் கணக்காளராக்கிவிடலாமா என்று நினைத்தேன்.

"வேணாம்," என்றாள் நாத்தனார். "அண்ணிதான் அடிக்கணும். இல்லன்னா இந்தப் பாட்டே வேணாம்."

தாளம் தப்புகிறாய் என்று ஒருத்தியை மூன்றாம் மனிதர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அவளோ எனக்காக நிற்கிறாள்.

1

இதோ ஒன்று. இங்கேதான் இது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"நான் ஒரு தடவ சும்மா உக்காந்து பாக்கறேன். நீங்க வாசிங்க," என்றேன்.

காதை நம்பிப் பயனில்லை என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவள் கைகள் எங்கெங்கோ பாய்ந்தன. வலது கால் கித்தாரோடு சேர்ந்து குதித்தது. இடது கால் மட்டும் எதிலும் சேரவில்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தம்கூட இல்லை. கித்தார் தனியாகத் தொடங்கியபோதும் அந்தக் கால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. கித்தாரின் முதல் அடி, கால் இறங்குவதற்கு அரை அடி முன்னால் விழுந்தது.

ஆக, அந்த முதல் அடி ஒன்று அல்ல. எனக்குக் கேட்ட முதல் அடி, அவ்வளவுதான். அதை ஒன்று என்று வைத்துக்கொண்டு நான் பாட்டு முழுவதையும் அரை அடி முந்தி எண்ணியிருக்கிறேன். நடுவில் விழ வேண்டிய என் டிங், பதவிசாக நான்கின் தலையிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. தாளம் தப்பியவள் நான்தான்.

[இங்கே ஒரு கட்டுரைப் பத்தி இருந்தது. "கலையில் தொடக்கம் என்பது" என்று ஆரம்பித்தது. உங்கள் நன்மைக்காக எடுத்துவிட்டேன்.]

அந்தப் பத்தி சொல்லவந்தது இதுதான்: அந்த வீட்டையும் நான் இப்படித்தான் எண்ணியிருக்கிறேன். நான் வலது கால் எடுத்து வைத்த நாளை ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அதற்கு முன்பே அங்கே ஒரு அண்ணனும் தங்கையும் ஒரு நத்தையும் இருந்தார்கள். அவர்களுடைய கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் சிரிப்பு ஒருநாளும் தள்ளி வரவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நான் நிமிரும்போது அவர்கள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. சாவி கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக நிம்மதியாகவும் இருந்தது.

"என்ன அண்ணி, புரிஞ்சுதா?"

"உன் இடது கால் புரிஞ்சுது."

அவள் சிரித்தாள். சரியான இடத்தில்.

5

சனிக்கிழமை. கிளம்பும் அவசரத்தில் நாத்தனாரின் கார் சாவியைக் காணோம். மேசையெல்லாம் கவிழ்த்தாயிற்று. அது இந்தக் கதையின் காகிதங்களுக்கு அடியில், "அரைகுறைகள்" என்ற சொல்லுக்கு நேர் கீழே இருந்தது. எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"டிங்!" என்றார் என் கணவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, நான் கையைத் தூக்கி முடிக்கும் முன்பே.

"பாத்தீங்களா அண்ணி? நான் சொல்லல?" என்று நாத்தனார் அவரை முறைத்தாள்.

நான் காத்திருந்தேன். ஒரு சின்ன அமைதி.

"டிங்," என்றேன்.

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்ததில் கிளம்பத் தாமதமாகிவிட்டது.

கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று என்னுடைய நல்ல புத்தி சொல்கிறது. ஆனால் கார் நிறுத்துமிடத்தில் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) டிங் சரியாக விழுகிறது. இரண்டாம் மாடிக் கண் டாக்டர் எழுந்து நின்று கைதட்டுகிறார். [கதைகளில் எல்லோரும் எழுந்து நின்றுதான் தட்டுகிறார்கள். அடித்துவிட்டேன்.]

(ஆ) டிங் முந்திவிடுகிறது. யாரும் கவனிக்கவில்லை. நாத்தனார் மட்டும் என்னைப் பார்த்து, "முந்திரிக்கொட்டை" என்று உதட்டை அசைக்கிறாள். [இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.]

நடந்தது என்ன என்று சொல்லப்போவதில்லை. எனக்கு வேண்டியது வீட்டிலேயே கிடைத்துவிட்டது. மேடையை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். விரலைக் கட்டையின் மேல் வையுங்கள். கித்தாரைப் பார்க்காதீர்கள், அது உங்களை ஏமாற்றும். முன்வரிசையில் ஒருவர் முன்கூட்டியே டிங் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறார், அவரையும் பார்க்காதீர்கள். டிரம்ஸுக்குக் கீழே ஒரு கால் ஆடுகிறது. நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே ஆடுகிறது.

இப்போது எல்லாம் நின்றுவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,