நாடாவில் ஒரு வளையம்

கூண்டுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஆய்வகத் தலைவர் உள்ளே வந்து, என் ஈக்களை மாலைக்குள் அழித்துவிடச் சொன்னார். என் ஈக்கள் என்று சொல்வதில் தப்பில்லை. வளர்ப்பது என் மருமகள்; ஆனால் நாலு வருஷமாக அவை குடிப்பது என் ரத்தம். கருப்பு ஈ, கொசுவைவிடக் குட்டை, முதுகில் கூன். மற்றவர்களைக் கடித்தால் கை பந்தாக வீங்கிவிடும். எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்ததில் வீட்டில் மரியாதை கூடியிருக்கிறது. கையைச் சுட்டுக்கொள்வேன் என்று அடுப்புப் பக்கமே விடுவதில்லை.

"மோட்டாரை நிறுத்திடும்மா. தண்ணி ஓடலன்னா புழு தானா செத்துடும்" என்றார் மருமகளிடம். ஈயாகும் முன் அவை புழுவாக, மோட்டார் ஓட்டும் தண்ணீர்த் தொட்டியில்தான் வளரும்.

"இன்னொரு வாட்டி பாத்துடறேன் சார்."

"பாக்க என்ன இருக்கு? வேற இனம் உள்ள பூந்திருக்கு. ஆத்தங்கரை ஈ. வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்." என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, ஆத்துப் பக்கம் நடக்கப் போவீங்களோ?"

"போவேன் சார். ஆனா ஈயைக் கூட்டிட்டு வர்ற பழக்கம் இல்ல."

இருவருமே சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை நேரம் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் காலையில் மருமகள் எடுத்த படத்தால் வந்த வினை. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடிக் கட்டைவிரலால் அழுத்தினால், உள்ளே சுருண்டு கிடக்கும் குரோமோசோம்கள் வரி போட்ட நாடா மாதிரி விரியும். மொத்தமே மூன்று ஜோடி. அப்பன் ஈ கொடுத்த நாடாவும் தாய் ஈ கொடுத்த நாடாவும் வரிக்கு வரி ஒட்டி, ஒன்றே போலத் தெரிய வேண்டும். படத்தில் ஒரு ஜோடி நடுவில் வளையம் போட்டிருந்தது. வளையத்துக்கு இரு பக்கமும் இருந்த நாடா அழுத்தியதில் அறுந்துபோய், ஒட்டியிருந்ததா விலகியிருந்ததா என்று பார்க்க முடியவில்லை. ஒரே இனம் என்றால் அந்தப் பக்கங்கள் ஒட்டியிருக்கும். கலப்பு என்றால் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி விலகிப் படுத்திருக்கும். அவளுடைய நாலு வருஷ உழைப்பும் தண்ணீரோடு போகும்.

புதுப் புழுவின் சுரப்பியைத் தகட்டில் வைத்தவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முடியல மாமா. கொஞ்சம் நழுவினாலும் இதுவும் அறுந்துடும். ஏதாவது புளுகுங்களேன்."

எனக்குப் புளுகத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். "எனக்குச் சர்க்கரைன்னு டாக்டர் கண்டுபிடிச்சாரே, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இதுங்களுக்குத் தெரியும்மா. குடிச்சுட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுச்சு. நான் மாத்திரை போட்ட அன்னிக்கு ஒண்ணு மூலைல போய் உக்காந்து மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. என்கூடப் பேச்சே கிடையாது."

"அப்புறம்?"

"யாருக்கும் தெரியாம ரெண்டு சாக்லேட் தின்னேன். சமாதானம் ஆயிடுச்சு."

"இருங்க, உங்க புள்ளைகிட்ட போட்டுக் குடுக்கறேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் இறங்கி, அழுத்தி, எழுந்துவிட்டது.

நுண்ணோக்கியில் குனிந்து தகட்டை இம்மி இம்மியாக நகர்த்தினாள். கூண்டிலிருந்த ஈக்கள்கூடக் குடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன.

"ஒட்டியிருக்கு மாமா." குமிழைத் திருகினாள். "அந்தப் பக்கமும்."

என் வயிற்றில் பால் வார்த்தாள். அடுத்தடுத்து வைத்த புழுக்களிலும் அப்படியே. சிலவற்றில் வளையம் இருந்தது, சிலவற்றில் இல்லை, விலகிய நாடா ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் தலைவர் வந்து நுண்ணோக்கியில் குனிந்தார்.

"எப்பவோ ஒரு ஈக்கு இந்தத் துண்டு மட்டும் அறுந்து, தலைகீழாத் திரும்பி ஒட்டிக்கிச்சு சார். ஒரு வரிகூடத் தொலையல. திரும்பினதும் திரும்பாததும் கட்டிக்கணும்னா வளைஞ்சுதானே ஆகணும்?"

"எப்ப திரும்பிச்சாம்?"

"யாருக்கு சார் தெரியும்? இந்த ஆய்வகம் வர்றதுக்கு முன்னாடியே இருக்கலாம்."

"ம். மோட்டார் ஓடட்டும்" என்றார். ஆனால் தலையை எடுக்கவில்லை. குமிழை மெல்ல நகர்த்தி, வளையத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "அட" என்றார்.

மருமகள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். பனி மூடியது போல இருந்தது அது. கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை. என் சட்டை நுனியை இழுத்து, தலைவரின் வளைந்த முதுகைப் பார்த்தபடியே, இரண்டு வில்லைகளையும் நிதானமாகத் துடைத்தாள்.