அட்டைக்குப் பின்னால்

…அந்தக் குஸ்காவைத் தின்னுருக்கக் கூடாது, மூணாவது வளைவுலயே தொண்டை வரைக்கும் வந்துருச்சு, ஏப்பம் விட்டா டால்டா நாத்தம், இன்னும் பதினேழு வளைவு இருக்குது, அடிவாரத்த விட்டு பஸ்ஸு இப்பத்தான் ஏற ஆரம்பிச்சுருக்குது. பக்கத்துல மலரு எந்தோள்ல சாஞ்சு தூங்கறா, கையில எலுமிச்சம்பழம், எனக்காவ வாங்குனது, மோந்து பாருங்கக்கான்னு சொல்லிக்கிட்டே அவளே தூங்கிட்டா. தூங்கட்டும், வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்ன புள்ள. எதுக்கு நின்னோம்… கட்சி ஆர்ப்பாட்டத்துல வேலையில்லாதவங்களா நிக்கறதுக்கு. அதுக்கு ஆளுக்கு முந்நூறு ரூவா, ஒரு பொட்டலம். வேலை போன மூணு மாசத்துல நாங் கையில வாங்குன மொதக் கூலி இதுதான், வேலை இல்லைன்னு நின்னதுக்குக் கூலி, நெனச்சாலே கொமட்டுது, இது மலைப்பாதையில வர்ற கொமட்டல் இல்ல.

கரூரு கம்பெனியில ஆறு வருசம் மேசைவிரிப்புக்கு ஓரம் அடிச்சேன், அத்தனையும் அமெரிக்காவுக்குப் போறது. அந்தூருக்காரன் வரியப் போட்டான், ஆர்டர் நின்னுது, ஒரு சனிக்கெழம சூப்பர்வைசர் ஜேசுதாஸ் எங்க நாப்பது பேர வரிசையா நிக்க வெச்சு, ஊருக்குப் போங்கம்மா, மறுக்கா ஆர்டர் வந்தா மொதல்ல இருவது பேரக் கூப்புடுவேன், ஆனா எவளாச்சும் கட்சிக்கொடிக்குக் கீழ போயி நின்னு கம்பெனி மானத்த வாங்குனா பேர அடிச்சுருவேன்னாரு. தலைய ஆட்டிப்போட்டு வந்தோம். மலை மேல எங்க கரடியூருக்கு வந்து மாமியா மூஞ்சியப் பாத்துக்கிட்டு மொளகு காயப் போட்டேன், அதையும் கேட்டு எழுத ஒரு புள்ள வந்துச்சு, கவியான்னு பேரு, சர்க்கார் கணக்கெடுப்பு. ஏனுங்க்கா, போன வாரத்துல ஒரு மணி நேரமாச்சும் எதாச்சும் வேலை பாத்தீங்களா? எங்கூட்டு மொளகக் கெளறி விட்டேன் சாமி. அப்ப உங்களுக்கு வேலை இருக்குதுங்க. அது வேலையா கண்ணு, கூலி ஆரு குடுக்கறா? எனக்குத் தெரியுதுங்க்கா, ஆனா கேள்வி அப்படித்தான் இருக்குதுங்க… பாவம், அதுவும் மூணு மாசக் காண்ட்ராக்டாமா. ஆக, நா வேலையில இருக்கறவ. சாயங்காலம் டிவியில ஒருத்தன் வேலை பெருகிருச்சுங்கறான், இன்னொருத்தன் லட்சக்கணக்குல போச்சுங்கறான், ரெண்டு பேரு சட்டையும் அப்படி வெளுப்பு, நா எவங் கணக்குல இருக்கறேன்? ரெண்டு பேரு கணக்குலயும் இருப்பேன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

போன மாசம் வரைக்கும் வேற கட்சிக் கரை போட்ட வேட்டியில திரிஞ்ச யுவராஜ்தான் இந்த ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் சேத்தான். பத்து பொம்பளைங்க வேணுங்க, நெசமாவே வேலை போனவங்கன்னா நொம்ப நல்லதுங்க. மலரும் கரூருல அந்த நாப்பது பேருல ஒருத்திதான், பயந்தா, அக்கா, ஜேசுதாஸ் சார் பாத்துட்டா? கூட்டத்துல ஆரு புள்ள பாக்கப் போறா, வான்னு நாந்தான் இழுத்தேன், தனியாப் போக எனக்கு வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். போறப்ப வேனு, வர்றப்ப நீங்களே பஸ்ஸுல போயிக்குங்கன்னுட்டான். எங்க கையில குடுத்த அட்டையில மொதல்ல எம்பதாயிரம் பேரு வேலை போச்சுன்னு எழுதியிருந்துச்சு, தலைவரு மைக்குல ஒரு லட்சம்னு சொல்லிட்டாருன்னு அங்கயே மேல பேப்பர ஒட்டிக் குடுத்தாங்க, இருவதாயிரம் பேரு ஒரு நிமிசத்துல கூடிட்டாங்க, பசை காயவே இல்ல. இப்பவும் வெரலு பிசுபிசுங்குது, இந்தக் கையாலதான் குஸ்காவையும் தின்னேன்.

போனு அதிருது… யுவராஜ் போட்டோ போட்டுருக்கறான், எல்லாரும் ஸ்டேட்டஸ்ல வைங்கன்னு வேற. பெருசு பண்ணிப் பாக்கறேன், என்னையக் காணோம், நெஞ்சுலருந்து நெத்தி வரைக்கும் ஒரு லட்சம்தான் நிக்குது. அப்பாடான்னு மூச்சு வந்துச்சு. பக்கத்துல மலரு… வாயத் தொறந்து கோசம் போடறா, பல்லு வரைக்கும் தெரியுது, கம்பெனி தீபாவளிக்குக் குடுத்த நீலச் சேலைய வேற கட்டியிருக்கறா. கேமராக்காரன் வந்தப்ப, அக்கா, அட்டைய எம் மூஞ்சிப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கன்னாளே, சத்தத்துல எனக்குக் கேக்கல. கேக்கலயா? கேட்டுச்சு. ஜேசுதாஸ் இதப் பாக்காம இருப்பாரா, பாத்தா அவ பேரு போச்சு, எம் பேரு வர்றதுக்கு நாப்பதுல இருவதுன்னது முப்பத்தொம்பதுல இருவது… சீ, ஆரு இந்தக் கணக்கப் போடச் சொன்னது, டிவியில கத்துற வெள்ளச்சட்டை போடலாம், யுவராஜ் போடலாம், அவ எந்தோள்ல தூங்கறப்ப நா போடறேன், இப்பவே யுவராஜக் கூப்புட்டு அந்தப் போட்டோவ எடுரான்னு சொல்லலாம், டவர் இருக்குது, கட்டை வெரலு அவம் பேரு மேலதான் இருக்குது… பஸ்ஸு ஒடிச்சுத் திரும்புச்சு, மலரு முழிச்சுக்கிட்டா. அக்கா, வாந்தி வருதுங்களா, இந்தாங்க, பழத்த மோந்து பாருங்க. போனைக் கவுத்து மடியில வெச்சுக்கிட்டேன். வேண்டாங் கண்ணு, செரியாப் போச்சுன்னேன். பொய் இல்ல… கொமட்டல் நெசமாவே நின்னுருந்துச்சு, எப்ப நின்னுச்சு, அந்தக் கணக்கப் போட்டப்பவா?