பாசலிலிருந்து வந்த வாக்குச்சீட்டு

ரெபெக்காவும் அவள் கணவன் ஜெர்ரியும் சுவிட்சர்லாந்தில், பாசல் நகரத்தில், பதின்மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய மறு வருடமே, சைக்கிளில் போன ஜெர்ரி மேல் லாரி மோதிவிட்டது. அவன் போனபின் ரெபெக்கா அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்கு வேலை மாற்றிக்கொண்டு எடிசன் நகருக்கு வந்துவிட்டாள். ஆனாலும் சுவிட்சர்லாந்தில் தேசிய வாக்கெடுப்பு நடந்தால் அவளுக்குச் சீட்டு தபாலில் வந்துவிடும்.

2022 ஏப்ரலில் வந்த சீட்டை அவள் நான்கு நாள் தொடவில்லை. உயிரோடு இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லாதவர்கள், இறந்தபின் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

மாமனார் சுந்தர்சிங் பாளையங்கோட்டையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் காலை அவள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் என்கிட்ட ஜெர்ரியோட உறுப்பெல்லாம் தர்றீங்களான்னு கேட்டார். நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

சுந்தர்சிங் பேப்பரை மடித்து வைத்தார்.

"நீ எனக்கு போனே பண்ணலியே."

"பண்ணல மாமா. மெஷின்ல அவர் நெஞ்சு ஏறி இறங்கிட்டிருந்துச்சு. குடுக்க எனக்கு மனசு வரல. அதை என் வாயால சொல்லத் தைரியமும் வரல."

"கேட்டிருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். முழுசா மண்ணுக்குப் போனான்ங்கறது எனக்கு இன்னைக்கும் ஆறுதல்தான். ஆனா என்னைக் கேக்காம என் பேரை மட்டும் எடுத்துக்கிட்டியேம்மா."

"தப்புதான் மாமா."

"அவன் என்ன நினைச்சான்?"

"அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல. ஆனா ஆபீஸ்ல ரத்த தான கேம்ப் வந்தா முதல் ஆளா நிப்பார். டாக்டர் கேட்டப்போ அது ஞாபகம் வந்துச்சு. நான் சொல்லல." அவள் சீட்டைப் பார்த்தாள். "இந்தச் சட்டம் வந்தா என் இஷ்டம் என்னன்னு கேக்க மாட்டாங்க. அவர் வேண்டாம்னு சொல்லியிருந்தாரான்னுதான் கேப்பாங்க. அப்படிக் கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்."

"எனக்கு ஓட்டு இருந்தா வேண்டாம்னுதான் போடுவேன்."

"தெரியும் மாமா."

ஜெர்மன் மொழியில் 'ஆம்' என்று கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டினாள். அவர் எழுந்து அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார். சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் அவள் போஸ்ட் ஆபீஸுக்குக் கிளம்பியபோது, ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். வரிசையில் அவளோடு நின்றார். கவுண்டரில் உறை உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து காரில் ஏறியதும் ரெபெக்கா போனில் முடிவைப் பார்த்தாள். நூற்றுக்கு அறுபது பேர் ஆம் என்று போட்டிருந்தார்கள். அவளுடைய உறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

"ஜெயிச்சிடுச்சு மாமா."

அவர் தலையசைத்தார். கார் ஓக் ட்ரீ ரோட்டில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார். "கடைசியில அவன் பக்கத்துல யாரும்மா இருந்தா?"

ஜெர்ரி இறந்த இந்த ஐந்து வருடத்தில் அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"நான்தான் மாமா. கையைப் பிடிச்சுட்டே இருந்தேன்."

ரெபெக்கா காரை ஒரு கடை வாசலில் ஓரங்கட்டினாள். பிறகு அந்த நாளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.