முதல் பதினொரு விநாடி

வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. சட்டை மாட்டும்போதே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. கப்பலில் கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்குவது என் வேலை. எங்கோ நடக்கும் சண்டையால் கப்பல்கள் சுற்றிக்கொண்டு வருகின்றன. மூன்று நாள் சும்மா இருப்போம், பிறகு நாலு கப்பல் ஒன்றாக வந்து நிற்கும். உலக அரசியல் எனக்குத் தோளில்தான் தெரியும்.

ஷிஃப்ட் முடிந்தால் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் இருக்கும் நூர்ஜஹான் அக்காவின் டீக்கடைக்குப் போவோம். பெரிய டிவி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ, கையில் ஆளுக்கொரு போன். எந்த நாட்டுத் தலைவனையும் அங்கே நாங்கள் விட்டுவைத்ததில்லை. அவர்களில் ஒருவனும் வந்து ஏன் என்று கேட்டதில்லை.

டீ ஆற்றுவது முகமது ரஃபீக். ராமநாதபுரத்துக்காரன், வேலை பெர்மிட்டில் இங்கே வந்து ஆறு வருஷம். ஊரில் மகள் ரிஸ்வானா நர்சிங் படிக்கிறாள். எங்கள் பேச்சில் அவன் கலந்துகொள்வதே இல்லை. சிரிப்பான், கிளாஸை எடுத்துப் போவான்.

அன்றைக்கு டிவியில் நம் நாட்டு டீம் மூன்று கோல் வாங்கியது. எனக்குத் தோள் வலி வேறு. போனைத் தூக்கி ரஃபீக்கை வீடியோ எடுத்தேன்.

"இந்த டீமும் உருப்படாது, இந்த நாடும் உருப்படாதுலா. நீ சொல்லு ரஃபீக். சொல்லாட்டி நாளைக்கு உன் டீயக் குடிக்க மாட்டோம்."

அவன் தலையை ஆட்டி மறுத்தான். கூட இருந்த நாகையா மேசையைத் தட்டினான். கடைசியில் ரஃபீக் டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னான்: "இந்த நாடு உருப்படாது, பாஸ்." எல்லாரும் சிரித்தோம்.

டிக்டாக்கில் போடும்போது என் குரல் வந்த முதல் பதினொரு விநாடியை வெட்டினேன். துறைமுகத்துக்குள் நுழையும் பாஸ் வைத்திருப்பவன் நாட்டைத் திட்டினால் கம்பெனி சும்மா விடாது என்று அப்போதே தோன்றியது. என்னைப் பற்றித் தோன்றியது அவனைப் பற்றித் தோன்றவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். யாரோ மலாயில் எழுத்துப் போட்டுத் திரும்பப் பரப்பியிருந்தார்கள். வந்த நாட்டில் சோறு தின்றுகொண்டு பேசுகிறான், இவனுக்கு யார் பெர்மிட் கொடுத்தது என்று கேட்டவர்களில் நம் தமிழ் ஆட்களும் இருந்தார்கள். என்னுடையதை அழித்தேன். மற்றவர்களுடையதை நான் எங்கே போய் அழிப்பது? மத்தியானமே கடை வாசலில் நாலு பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

நூர்ஜஹான் அக்கா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். அவன் பெர்மிட் அடுத்த வாரம் முடிகிறதாம். புதுப்பித்தால் கடைக்கு வம்பு வருமோ என்று பயம்.

"அவனா பேசுற ஆள் இல்ல தம்பி. யாரோ சொல்ல வச்சிருக்காங்க. அது தெரிஞ்சா நான் கையெழுத்துப் போடுவேன். உன்கிட்ட முழு வீடியோ இருக்கா?"

"இல்லக்கா. அழிச்சிட்டேன்."

ரஃபீக் பக்கத்தில்தான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். யார் சொல்ல வைத்தது என்று அவனிடமும் அக்கா கேட்டிருக்கிறார். தெரியாமல் பேசிவிட்டேன் என்று மட்டும் சொன்னானாம். கையைத் துடைத்துவிட்டு என் மேசையில் டீயை வைத்தான்.

"சீனி கொறவுண்ணே."

குடித்தேன். அக்கா கையெழுத்துப் போடவில்லை. அடுத்த புதன்கிழமை அவன் ஊருக்கு விமானம் ஏறினான்.

போனில் இப்போதும் முழு வீடியோ இருக்கிறது. கப்பல் இல்லாத நாட்களில் அதைத் திறப்பேன். முதலில் என் குரல் வரும். அதற்குப் பிறகுதான் அவன். அக்காவுக்கு அனுப்ப ஒரு விரல் போதும், அதற்குத் தோள் தேவையில்லை.

ரஃபீக்குக்கு நான் தர வேண்டியது அந்தப் பதினொரு விநாடி. இன்னும் தரவில்லை.