நடுவில் ஓர் ஆள்

"பொண்டாட்டி அதிகாரம் பண்ணுவா, நான் தலையாட்டணுமா?" என்று கேட்டுவிட்டு அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான்.

புருஷனும் பெண்டாட்டியும் வேலை பார்ப்பது டின் மூடி செய்யும் தொழிற்சாலையில். அவன் அழுத்தும் இயந்திரத்தில் தகடு கொடுப்பவன். அவள் பதினொரு வருஷமாக மூடிகளைச் சோதிப்பவள். எந்த இயந்திரம் எப்போது முரண்டு பிடிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அன்றுதான் அவளைக் குழுத் தலைவி ஆக்கியிருந்தார்கள்.

மாமியார் தீர்ப்புச் சொன்னாள். "அவனும் ஆம்பளதானே? ஏதாவது சொல்லணும்னா வேற ஆம்பள கிட்ட சொல்லு, அவரு இவன்கிட்ட சொல்லட்டும். நாலு பேரு முன்னால எம்புள்ள மானம் போகக் கூடாது."

அவன் மானம் கப்பலேறாமல் காக்கும் பொறுப்பு, பெட்டி கட்டும் பெரியவர் தலையில் விழுந்தது. அவர் வாயில்லாப் பூச்சி.

"அண்ணே, தகடு கோணலா போகுதுன்னு சொல்லுங்க" என்பாள் அவள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும் புருஷன் காதில் அது ஏறாது. பெரியவர் அதையே திருப்பிச் சொன்னதும், "சரிண்ணே, பாத்துக்கறேன்" என்பான். இரண்டே மாதத்தில், சண்டை சச்சரவில்லாத குழு என்று நிர்வாகம் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, தடுப்புக் கதவு முழுதாக மூடாமலேயே அவன் இயந்திரம் இயங்கியது. அவள் பார்த்துவிட்டாள். பெரியவர் கழிப்பறைக்குப் போயிருந்தார்.

"கைய எடுங்க! கதவு மூடல!"

அவன் திரும்பவில்லை. மறுபடி கத்தினாள். அவன் பிடரி விறைத்தது, கேட்டுத்தான் இருந்தது. ஓடிப்போய் நிறுத்தும் பொத்தானை அடித்தாள். அதற்குள் அவன் சுட்டுவிரல் நுனி போய்விட்டது. கை போகாமல் விரலோடு போயிற்றே என்று ஆறுதல் படுவதா, அழுவதா என்று தெரியாமல் அழுதாள்.

வீட்டில் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "பக்கத்துலயே நின்னியே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

மறுவாரம் விசாரணை. "உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று பாதுகாப்பு அதிகாரி அவனிடம் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். எப்பவும் பெரியவருதான் சொல்லுவாரு, அவரு அப்ப கழிப்பறைக்குப் போயிருந்தாரு."

பெரியவர் இனி கழிப்பறைக்குப் போனால் மாற்று ஆள் வைக்க வேண்டும் என்று அதிகாரி எழுத ஆரம்பித்தார். பெரியவர் தலை குனிந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் கத்துனது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?"

பழக்க தோஷம், அவன் பெரியவரைப் பார்த்தான்.

"என்னப் பாக்காதப்பா" என்றார் வாயில்லாப் பூச்சி. "உன்னத்தான் கேக்குறாங்க."

மேசையில் கட்டுப் போட்ட கையை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு, "விழுந்துச்சு" என்றான்.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். விபத்துக்குக் காரணம்: இயந்திரம், மூலப்பொருள், கவனக்குறைவு. மூன்றே கட்டங்கள். "இதுல எதுலம்மா போடறது?"

"எதுலயும் வராது சார்."

பேனாவை வாங்கி, கீழே தானே நான்காவது கட்டம் ஒன்று போட்டு, டிக் அடித்து, பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: சொன்னது மனைவி.