பூஜ்யம் போட்ட கட்டங்கள்

மார்ச் 14, செவ்வாய்.

இன்று என் கணக்கில் ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்தேன். சாயங்காலம் அக்காவிடம் பேசும்வரை அது சின்னதாகத்தான் தெரிந்தது.

மாலை நேரக் கணினி வகுப்பில் எனக்குக் கிடைத்த பணி, கொரோனா வந்து போனவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று பார்ப்பது. இதற்காக யாரையும் புதிதாகப் பரிசோதிக்கவில்லை. அக்கா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், மூச்சுப் பிரிவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்களைப் பற்றி அன்றாடம் கணினியில் ஏற்றுவதையே பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டம் மூச்சுத்திணறலுக்கு. இல்லையென்றால் பூஜ்யம், மிகவும் மோசம் என்றால் நான்கு. நிறையக் கட்டங்கள் காலியாக இருந்தன. காலிக் கட்டத்தைக் கண்டால் என் நிரல் முரண்டு பிடித்து நின்றுவிடும். எனவே காலியாக இருக்கும் இடத்திலெல்லாம் பூஜ்யம் போடச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினேன். அதன்பிறகு எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடியது. பெரும்பாலோர் ஆறு மாதத்தில் தேறிவிடுகிறார்கள் என்று அழகாக இறங்குகிற ஒரு கோடு வந்தது. மூச்சுப் பிரிவின் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமைக் கூட்டத்தில் காட்டப்போவதாகச் சொன்னார். இவ்வளவு பேர் தேறிவிட்டால், இவர்களுக்காக நடத்தும் மதிய நேரப் பிரிவை மூடிவிடலாமாம். அன்று பஸ் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இன்று வியாழக்கிழமைக் கூட்டத்துக்கான அறிக்கையைச் சரிபார்க்கும்போதுதான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. வகுப்பு இல்லாத நாள். அக்கா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டத்தை ஏன் சில பேருக்கு நிரப்புவதில்லை என்று சும்மாதான் கேட்டேன்.

"மூச்சு வாங்கிட்டு வர்றவங்ககிட்ட என்னடி கேக்கிறது? இருங்கன்னு கையைக் காட்டுவாங்க. ஆக்சிஜனை வெப்பேன். அதுக்குள்ள அடுத்த ஆளு வந்து நிப்பாங்க. அது அப்படியே விட்டுப்போயிடும்."

நான் என்ன போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தட்டு காலியா இருந்தா, சாப்பிட்டு முடிச்சுட்டான்னு எழுதுவியா? பட்டினியா இருக்கப்போறான்டி."

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் டாக்டரம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. காலியாக விட்டது யார் என்று முதலில் அவளைத்தான் கேட்பார்கள். "படிப்பு உனக்கு, திட்டு எனக்கா?" என்று கேட்டுவிட்டுக் காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

கணினியைத் திறந்தேன். காலிக் கட்டம் உள்ள வருகைகளை மட்டும் தனியாகப் பிரித்து, அதே வருகையில் ஆக்சிஜன் வைத்ததாகப் பதிவு இருக்கிறதா என்று பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. எழுந்து நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் போனவர்களையும் சேர்த்து, 'திணறல் இல்லை' என்று என் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் வரும் அந்த மதிய நேரத்தைத்தான் மூடப்போகிறார்கள். பூஜ்யத்தை எடுத்துவிட்டு நான்கு போடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதுவும் தப்பு. சில கட்டங்கள் கூட்டத்தினால் விட்டுப்போயிருக்கலாம், சில கணினி பாதியில் நின்றுபோனதால். அவர்கள் சொல்லாததை அவர்களுக்காக நான் சொல்லக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்றே காட்டவேண்டும். அப்படிக் காட்டினால் கோடு அழகாக இருக்காது. கோடே வராமலும் போகலாம்.

வாத்தியார் ஏற்கெனவே மதிப்பெண் போட்டுவிட்டார். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சரியாகச் செய்தோமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். இன்றைக்கு, தப்பு செய்திருக்கிறேன் என்பதில் துளிச் சந்தேகமும் இல்லை. காலுக்கடியில் தரை கிடைத்த மாதிரி இருக்கிறது.

சாப்பிடும்போது அக்காவே ஆரம்பித்தாள். "சொல்லு, வேணாங்கல. ஆனா 'நர்ஸ் எழுதல'ன்னு அதோட நிறுத்திடாதே. ஒருத்தி எத்தனை பேரைப் பாக்கிறான்னும் சேத்துச் சொல்லு."

"அதைத்தான்க்கா முதல்ல சொல்லுவேன்."

"முதல்ல உன் தப்பைச் சொல்லு. அப்பத்தான் மத்ததைக் காதுல வாங்குவாங்க" என்று சொல்லி, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தாள்.

நாளை: பூஜ்யம் போடும் வரியை எடுத்துவிட்டு, காலிக் கட்டங்களைத் தனி நிறத்தில் காட்டிப் படத்தைப் புதிதாக வரைய வேண்டும். டாக்டரம்மா வார்டுக்குக் கிளம்பும் முன்னால் அவர் அறை வாசலில் நிற்க வேண்டும். உட்காரச் சொன்னாலும் உட்காருவதற்கு முன், பழைய படம் தப்பு என்று சொல்லிவிட வேண்டும்.