மருதாணி விரல்கள்

மீமிசலில் பதினொரு வருடமாகக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன். முகத்து வியர்வையைத் துடைப்பேன், பந்தியில் நடந்த சண்டையை வெட்டுவேன். எங்கள் ஊர்ப் பெண் ஹுமா, தானே எடுத்த பேய்ப்படத்தை எடிட் செய்யக் கொண்டுவந்தபோதும் அந்தப் பழக்கத்தோடுதான் உட்கார்ந்தேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கடலோரக் குடிசையில் ஒளிந்திருக்கும் நான்கு சிப்பாய்களைப் பொம்மைகள் ஒவ்வொருவராகக் கொல்லும் கதை. மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளில் அவளே பொம்மைகளைச் செதுக்கியிருந்தாள். வெயிலில் அவை நாறினவாம். சிப்பாய்களுக்கு இரவல் வாங்கிய என்சிசி சீருடை. கூரை விட்டத்தில் குப்புறப் படுத்துத் தூண்டில் நரம்பால் பொம்மைகளை ஆட்டியவர் ஹுமாவின் அம்மா ரம்லத் பீவி. இவ்வளவு தெரிந்தும், ஒரு பொம்மை மெல்லத் தலையைத் திருப்பியபோது என் கழுத்து சில்லிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை, உதவியவர்களுக்கெல்லாம் கல்யாண மண்டபத்தில் முதல் காட்சி.

"கடைசிக் கொலையில ஒருத்தர் சிரிச்சாலும் போச்சுக்கா. படம் செத்துரும்" என்று ஹுமா சொல்லியிருந்தாள்.

வியாழன் காலை அந்தக் கொலையை மறுபடி ஓட்டினேன். பொம்மை கத்தியை ஓங்குகிறது. அதற்கு மேலே, திரையின் விளிம்பில் ஒரு கை. ஐந்து விரல்நுனியிலும் மருதாணி. படப்பிடிப்புக்கு முந்தைய நாள்தான் ரம்லத் பீவியின் தங்கை மகளுக்கு நிக்காஹ். நாற்பது தடவையாவது இதைப் பார்த்திருப்பேன். தினமும் மருதாணிக் கைகளையே பார்க்கிற கண்ணுக்கு அது உறுத்தவேயில்லை. மறுபடி எடுக்கவும் வழியில்லை. கடைசிக் காட்சிக்காகக் குடிசையோடு பொம்மைகளையும் எரித்தாகிவிட்டது.

சொல்லாமல் அந்த மூலையை இருட்டாக்கிவிட நினைத்தேன். ஹுமாவுக்காக என்று முதலில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பிழை செய்தவளாக அவள்முன் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. மதியம்வரை பொறுத்து, பிறகு வரச்சொல்லிக் காட்டினேன்.

அவள் மூன்று தடவை பார்த்தாள். "இதுல இன்னும் ரெண்டு செகண்டு நிறுத்துங்கக்கா."

"கை தெரியுதே, ஹுமா."

"தெரியட்டும்க்கா. பொம்மை தானாவா கொல்லுது?"

என்னைவிடப் பத்து வயது சின்னவள். கண்டதும் வெட்டியே பழகிய நான், ஒரு தவறை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. இரண்டு செகண்டு கூட்டினேன்.

மண்டபத்தில் என் பக்கத்தில் ரம்லத் பீவி உட்கார்ந்தார். மகள் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முதல் பொம்மை வந்ததும் பின்வரிசையில் யாரோ மீன்பெட்டி என்றார்கள், சிரிப்பு பரவியது. சுவரோரம் நின்ற ஹுமா திரையைப் பார்க்கவில்லை, நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கொலை வந்தது. கத்தி ஓங்கி நின்றது. மேலிருந்து சிவந்த விரல்கள் இறங்கி, அப்படியே நின்றன. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட முனகவில்லை.

மருதாணி எப்போதோ போய்விட்ட கையை ரம்லத் பீவி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அது என் கையாம்மா?"

"ஆமாங்க."

"பாவி மக" என்றார். கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை.